விழிக்கும் மூலை

மழை நிற்கவில்லை.
நிற்கும் என்று சீலோவே தீவில் யாரும் சொல்வதுமில்லை.
பள்ளிக்கூட வாசலில் எங்கள் வண்டி.
அதற்குள் இரண்டு மேசை, ஒரு விளக்கு, டாக்டர் ஓயார்ஸோ.
வண்டியிலிருந்து பத்தடி ஓடினால்
கூடைப்பந்து ஆடும் கூடம்.
வளையத்துக்கு நேர் கீழே, பழைய கம்பளிகளின் மேல்
என் இடம்.

எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது.
வாரநாட்களில் போர்ட்டோ மோன்ட்டில்
சால்மன் பண்ணைக்குக் கணக்கு எழுதுகிறேன்.
இங்கே என் வேலை
தூங்குவதைத் தூங்கவிட்டு, விழிக்கும்வரை பார்த்திருப்பது.
நாக்கை வெளியே இழுத்து ஓரமாய் விடு.
நிறம் பார். ரோஜா என்றால் சரி,
சாம்பல் என்றால் கத்து.
காலி பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக்
காலுறைக்குள் போட்டு முதுகோடு அணைத்து வை.
இவ்வளவுதான் பாடம்.
ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

முதலில் வந்தது ஓர் உருளைக்கிழங்குச் சாக்கு.
சாக்கு சீறியது.
"பெயரெல்லாம் கிடையாது, என்னையே கடிக்கும்"
என்றார் சுமந்துவந்த நொல்பெர்த்தோ,
பெருமையாக.

நெற்றியில் காகித நாடா, நாடாவில் எண்.
பதினான்கின் பெயர் மந்திரி;
வேலை செய்யாமல் சாப்பிடுகிறதாம்.
மந்திரியின் எஜமானருக்குக் கையொப்பமிட மனமில்லை.
"பெட்டை என்றால் செய்யுங்கள். ஆண், பாவம்."
சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றி
மடியின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.
வரிசையில் நின்ற பெண்கள் சுவரைப் பார்த்தார்கள்.
தோள்கள் மட்டும் குலுங்கின.

இருபத்துமூன்று.
கறுப்பு, ஒரு காது பாதி.
தள்ளுவண்டியில், தார்ப்பாய்க்கு அடியில் வந்தது.
தள்ளிவந்தவள் ஒர்த்தென்சியா மில்லலோங்கோ.
"ஐந்து ஈற்று. பாதி சாலையில் போயிற்று, பாதி கடலில்.
கடலில் போட்டது யார் என்று கேட்காதீர்கள்."
கேட்கவில்லை.
டாக்டர் வந்து வயிற்றைத் தடவினார்.
மறுபடி தடவினார்.
"உள்ளே இருக்கின்றன. நான்கு வாரம்.
செய்யட்டுமா?"
தகரக் கூரையில் மழை மட்டும்.
அவள் தலையசைத்தாள். பிறகு,
"இவளை முடித்ததும் மேசை காலியா?
எனக்கும் ஏழு" என்றாள்.
கூடமே சிரித்தது. நானும்.
அவளும் சிரித்தாள், ஆனால்
எங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

நாற்பது நிமிடத்தில் இருபத்துமூன்று என் மடியில்.
மயிர் மழித்த வெளிர்ச் சதுரம்.
தையலை ஒட்டி ஒரு சின்னப் பச்சைக் கோடு,
இனி யாரும் திறந்து தேட வேண்டாம் என்பதற்கு.
நாக்கு
சாம்பலா, இந்த மழை வெளிச்சமா?
விலாவைத் தேய்த்தேன்.
முழுக்காதைக் கிள்ளினேன்.
கணக்கு எழுதும் கையை நெஞ்சில் வைத்து எண்ணினேன்,
ஒன்று.

வெகுநேரம் கழித்து
இரண்டு.

அப்புறம்தான் கத்தினேன்.

டாக்டர் ஈரக் கையுறையோடு ஓடிவந்தார்.
ஏதோ ஊசி, ஏதோ வசவு.
பிறகு ஒரு பெருமூச்சு;
நாயுடையதா டாக்டருடையதா, தெரியவில்லை.
ஒர்த்தென்சியா மண்டியிட்டு
அந்தப் பாதிக் காதுக்குள் என்னவோ சொன்னாள்.
வால் தரையைத் தட்டியது,
ஒரே ஒரு முறை.

ஐந்து மணிக்கு நாற்பத்தொன்று.
கட்டணமில்லை என்று எழுதி ஒட்டியும்
மேசை நிறைய உருளைக்கிழங்கு, புகையில் வாட்டிய சிப்பி.
மந்திரி முழுசாகவே வீடு திரும்பியது.
தரையை மூன்று முறை கழுவினோம்,
திங்கட்கிழமை பிள்ளைகள் ஆட வேண்டும்.

படகில், பழக்கதோஷம், படிவங்களைச் சரிபார்த்தேன்.
கூட்டல் சரி.
இருபத்துமூன்றில், உரிமையாளர் வயது: முப்பத்தொன்று.
என்னைவிட இரண்டு குறைவு.
'கேட்க விரும்புவது ஏதேனும்' என்ற கட்டத்தில்
எழுத்து எதுவுமில்லை.
பேனாவை வைத்து அழுத்தி
எடுத்துவிட்ட ஒரு புள்ளி.