பொருத்துக

இடப்பக்கம் ஐந்து பண்டிகை,
வலப்பக்கம் ஐந்து படம்.
கோடு போட்டுச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.
நேற்றிரவு பதினொன்றரைக்கு நானே அச்சடித்தது.
வண்ண மை தீர்ந்துபோய்
ஆரஞ்சுப் பழம் சாம்பல் நிறத்தில் வந்தது,
கெத்துப்பாட்டைத் தலையணை என்றது முதல் வரிசை.
"தின்கிற தலையணை" என்று திருத்தினேன்.
சிரிப்பு அடங்க மூன்று நிமிடம்.

"மிஸ், பொங்கல் எங்கே?"
யாழிசை. பென்சில் சீவியபடி.
சுவரில் நாட்காட்டி.
வருடத்துக்குச் சிவப்புக் கட்டம் பதினொன்று என்றேன்.
அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை
என்கிற முகத்தோடு
தாளின் அடியில் ஒரு பானை வரைந்து
எதோடும் சேர்க்காமல் விட்டாள்.

மணி அடித்தது. முப்பத்தொரு தாள்.

உட்லண்ட்ஸில் மழை.
சமையலறை மேசையில் திருத்திக்கொண்டு வருகிறேன்.
விசாகம், தாமரை. சரி.
கிறிஸ்துமஸ், மரம். சரி.
சரி, சரி, சரி,
கை தானாகப் போகிறது.

ஸுல்ஹில்மியின் தாளில் நின்றது.

சீனப் புத்தாண்டில் கிளம்பிய கோடு
ஆரஞ்சைத் தொடாமல் வளைந்து
தாளின் ஓரத்துக்கு ஓடுகிறது.
அங்கே ஒரு பேருந்து, அவனே வரைந்தது,
சக்கரம் ஆறு.
தீபாவளியும் அகல்விளக்கைத் தாண்டி
அங்கேதான் ஏறுகிறது.
விசாகமும். கிறிஸ்துமஸும்.
நோன்புப் பெருநாள் மட்டும்
ஒழுங்காகத் தலையணைக்குப் போயிருக்கிறது.

ஐந்துக்கு ஒன்று.
சிவப்புப் பேனாவால் எழுதியும் விட்டேன்.
பிறகுதான் பின்பக்கம் பார்த்தேன்,
கோணல் எழுத்தில்:

சீனப் புத்தாண்டுக்கு என் அப்பா பஸ் ஓட்டுவார்.
அங்கிள் கோ வீட்டில் இருப்பார்.
தீபாவளிக்கும் என் அப்பா ஓட்டுவார்.
அங்கிள் மாசிலாமணி வீட்டில் இருப்பார்.
எங்கள் பெருநாளுக்கு அவர்கள் ஓட்டுவார்கள்.
நாங்கள் பெரியம்மா வீட்டுக்கு அந்த பஸ்ஸில்தான் போவோம்.
அங்கிள் கோ எங்களைப் பார்த்தால் ஹார்ன் அடிப்பார்.
அது தப்பு, மிஸ். ஆனால் அடிப்பார்.

போன தீபாவளி.
அரக்குப் பட்டு, மடியில் முறுக்கு டின்,
தெம்பனிஸில் அக்கா வீட்டுக்கு
தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஏறினேன்.
அட்டையைத் தட்டினேன்.
பச்சை விளக்கு எரிந்தது, அது நினைவிருக்கிறது.
மேல்தளம் காலியாக இருந்ததும்,
புடவை நசுங்காமல் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது.
ஓட்டியவர்
கண்ணாடி போட்டிருந்தாரா?
குட்டையா, நெட்டையா?

எவ்வளவு யோசித்தும்
ஸ்டியரிங்கில் இரண்டு கை மட்டும் வருகிறது.
அதுவும் நானே வரைந்துகொண்டதாக இருக்கலாம்.

சிவப்பு மை அழியாது.
ஒன்றுக்குப் பக்கத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
தாளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

காலையில் இன நல்லிணக்க நாள்.
வெய் ச்சீயின் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை,
நான்கு ஊக்கு.
யாழிசைக்குச் சியோங்சாமின் கழுத்துப் பொத்தான்
மூச்சை முட்டுகிறதாம்.
மிகேலாவிடம் அவள் ஊர் உடை எது என்று
நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை;
வலைப்பந்துச் சட்டையில் வந்து நிற்கிறாள்.

கடைசியாக ஸுல்ஹில்மி.
அப்பாவின் சீருடைச் சட்டை,
முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.
கையை ஐந்து மடிப்பு மடித்தும் விரல் தெரியவில்லை.
பையில் பேனா. அதுவும் அப்பாவுடையதாம்.

படம் எடுப்பவர் பட்டியலைப் பார்த்தார்,
அவனைப் பார்த்தார்,
மறுபடி பட்டியலைப் பார்த்தார்.
"பையா, இது எந்த இனத்து உடை?"

"நைன் சிக்ஸ் நைன்" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் மிகேலாவைக் கொஞ்சம் நகர்த்தி
அவனுக்கு நடுவரிசையில் இடம் விட்டேன்.
நிற்பதற்குள்
வாயாலேயே ஒரு ஹார்ன் அடித்தான்.
படத்தில் பாதிப் பேர்
அவன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.