இரண்டரைச் செக்கன்

கொம்பனித் தெருவில், ரயில் நிலையத்தின் பின்பக்கம்,
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
துவான் ரம்சி சல்தீன் கட்டில் விரிப்பை இழுத்ததும்
சாம்பல் நிறத்தில் கிடந்தது அந்தச் சாம்பிளர்,
ஒரு கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டதுபோல.
மேல்பக்கத்துக் கட்டை ஒன்று மட்டும்
ஆடும் பல்லாய்ச் சரிந்து.

மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
"ஜப்பான்காரன் இப்ப இதச் செய்யிற இல்ல" என்றார்,
நான் விலை கேட்கும் முன்னமே.

ஸ்கூட்டி லீசிங்கில் இன்னும் ஏழு தவணை.
சவர்க்கார விளம்பரத்துக்கு மெட்டுப் போட்ட காசு
வரும் என்கிறார்கள், மாசி மாதத்திலிருந்து.
அனோஜன் சொல்கிறான்: இந்தச் சத்தமெல்லாம்
உன்ர லாப்டொப்பில சும்மா கிடக்குது, விசரி.
கிடக்கிறதுதான். நானே இறக்கினேன்.
நாலாயிரம் பியானோ.
ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

இதன் ஞாபகம் கொள்வது இரண்டரைச் செக்கன்.
தெளிவைக் குறைத்தால் ஐந்து கொள்ளும்,
இன்னும் குறைத்தால் பத்து,
ஆனால் பத்தில் எல்லாரும்
தலையணைக்குள்ளிருந்து பேசுவார்கள்.
எது வேண்டும் என்று
ஒரு சின்ன ஆளியை வைத்துக் கேட்கிறது.

ஃபிளொப்பி ஒன்றைச் செருகினார்.
உள்ளே யாரோ ஒரு நிமிடம் கோப்பி அரைத்தார்கள்.
நடுக் கட்டையை அமுக்கினேன்:
பிரெஷர் குக்கர் விசில்.
எட்டுக் கட்டை இறங்கினால் துறைமுகத்தில் கப்பல்.
இன்னும் கீழே, பெயர் தெரியாத ஏதோ மிருகம்.
மேலே ஏறினால் அணில்.
"வைஃப்ட குக்கர்" என்றார். "எம்பத்தொம்பது.
கலியாண வீட்டு பைலாவுக்கு இதத்தான் அடிப்பன்,
சனம் பைத்தியமாகும்."
விசில் முடிகிற இடத்தில்
ஒரு பெண்குரல் தொடங்கி அறுந்திருந்தது.
"அட—"
அடுப்பைச் சொன்னாளோ, ஆளைச் சொன்னாளோ.
நான் கேட்கவில்லை.
அமுக்கினேன், அமுக்கினேன்.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி சுதி இறங்கி நின்றது.
திரும்ப வந்தபோது
அது எல்லாவற்றையும் மறந்திருந்தது.
அதன் பிறப்பு அப்படி. மறுபடி ஊட்ட வேண்டும்.
செருகினார். வாசிக்க முடியவில்லை என்று
பச்சை எழுத்தில் வந்தது.
இன்னொரு தரம். சாரத்தில் துடைத்து
இன்னொரு தரம்.
மாத்தறை ரயில் போனது,
அலுமாரிக் கோப்பைகள் தங்களுக்குள் கதைத்து ஓய்ந்தன.
நாலாம் தரம் விசில் வந்தது.

"இருபத்தையாயிரம் குறைக்கிறன்" என்றார்
என்னைப் பார்க்காமல்.
அதுவரை பேரம் பேச வைத்திருந்த வாய்
அப்போதுதான் வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
சைக்கிள் ஒன்றும் காஸ் சிலிண்டர் இரண்டும்
வழியில் நின்றன. மிச்ச அகலத்தை
நின்று கையால் அளந்தேன்.
மறுபடியும் அளந்தேன்.

ஏறிப் போய்க் கதவடியில் நின்று கேட்டேன்:
இதைக் கீழே இறக்க எத்தனை பேர் வேண்டும்?

"ரெண்டு பேர்" என்றார்.
"ஏத்தக்குள்ள நான் மட்டுந்தான்."