பதின்மூன்றுக்கு எட்டு

கடல் மட்டத்தில் அது போதும்.
பதின்மூன்று அங்குல விட்டம், எட்டு அங்குல பிட்ச்,
மரத்தில் செதுக்கிய இரண்டு இதழ்கள், நுனியில் மஞ்சள்.
சாட்ஸ்வொர்த்துக்குத் தெற்கே கரும்பு வெட்டிய நிலத்தில்
என் ஹார்வர்டு அதை வைத்துத்தான் எழும்பும்.
ஹார்வர்டு என்றால் கல்லூரி இல்லை,
போர்க்காலத்துப் பயிற்சி விமானம்.
எட்டில் ஒன்றாகச் சுருக்கி நான் கட்டியது:
மூன்று கிலோ, நான்கு செல் பேட்டரி,
ஆயிரத்து இருநூறு ரிவெட் தலைகள்,
ஒவ்வொன்றும் ஊசிமுனையில் வைத்த பசைத்துளி.

பிரிந்தபோது குணசீலன் வீட்டை எடுத்துக்கொண்டான்,
சார்ஜரையும்.
விமானம் யாருக்கு என்பதில் சண்டை வரவில்லை.
இறக்கையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி
பின் சீட்டில் படுக்கவைத்து
வான் ரீனன் கணவாய் ஏறி வந்தேன்.
வழியில் இரண்டு முறை காது அடைத்தது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

லெனேசியா. ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரம்.
முதல் சனிக்கிழமை த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன்.
சத்தம் மட்டும் மேலே போனது.
விமானம் புல்லில் ஓடியது, இன்னும் ஓடியது,
வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றது
பஸ்ஸைத் தவறவிட்டவள் போல.

"இங்கே காற்று மெலிசு, மிசஸ் படையாச்சி"
என்றான் ஹென்னி, வாய் நிறைய சாஸேஜும் ரொட்டியும்.
அந்தப் பெயர் இன்னும் உரிக்காத ஸ்டிக்கர்.
திருத்தவில்லை நான்.

கராஜ் தூணில் வாலைக் கயிற்றால் கட்டினேன்.
பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே வாட்மீட்டர்.
அங்கே ஐம்பத்திரண்டு ஆம்பியர் குடித்தது
இங்கே நாற்பத்துநாலில் நின்றுவிட்டது.
மோட்டார் சோம்பவில்லை,
ஐந்து படி காற்று இருந்த இடத்தில்
நாலு படிதான் இருக்கிறது, அவ்வளவே.
பிட்ச் எட்டு என்பது ஒரு வாக்கு:
ஒரு சுற்றுக்கு எட்டு அங்குலம் முன்னே போவேன் என்று.
எந்த ஊரிலும் அது முழுதாக நிறைவேறியதில்லை.

ஐந்து செல் போடலாம்.
ஆம்பியர் அறுபதைத் தாண்டும், கன்ட்ரோலர் புகையும்,
புது பேட்டரிக்கு வாடகையில் பாதி போகும்.
மூன்று இதழ் போடலாம்.
நிஜ ஹார்வர்டுக்கு இரண்டே இரண்டு.
ரிவெட்டை எண்ணி வைத்தவளுக்கு
மூக்கில் பொய் சொல்ல மனம் வரவில்லை.
பதினாலுக்கு எட்டு? ஐம்பத்தைந்து ஆம்பியர்,
ஒரே நிமிடத்தில் தொட முடியாத சூடு.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
அம்மா நகைக்கடையில் சொல்வது.

பதினாலுக்கு ஏழு.
விட்டத்தைக் கூட்டி, வாக்கைக் குறைத்தேன்.
மீட்டர் நாற்பத்தொன்பதில் உட்கார்ந்தது.
கயிறு விறைத்தது, தூணில் சுண்ணாம்பு உதிர்ந்தது.
ஒரே கவலை: இதழ் நுனி
முன்னைவிட அரை அங்குலம் புல்லுக்குக் கிட்டே.

எட்டு மணிக்கு மின்வெட்டு.
கடனுக்கு வாங்கிய சார்ஜர் எழுபது சதவீதத்தில் அணைந்தது.
கார் பானட்டைத் திறந்து
பேட்டரியில் கிளிப்பைக் கவ்வவிட்டு மீதியை ஏற்றினேன்.
தெரு முழுக்க இருட்டு.
பச்சை எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை
குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை.
வாலை அவசரப்பட்டுத் தூக்காமல்
மூன்று சக்கரத்திலேயே ஓடவிட்டேன்.
வேலிக்கு இருபது அடி இருக்கும்போது
சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.
ஹென்னி "லெக்கர்!" என்று கத்தினான்.
ஏழு நிமிடம் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை.
இறங்கும்போது மட்டும் ஒரு குதி, மூக்கு தாழ்ந்து ஒரு சின்ன சத்தம்.

இரவு, பழைய எண்ணுக்கு ஒரே வரி:
பதினாலுக்கு ஏழு. நாற்பத்தொன்பது ஆம்பியர்.
இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
பிறகு வந்தது:
புல் தட்டலையா?

தட்டியது என்று அடித்து, அனுப்பாமல் வைத்துவிட்டு
மஞ்சள் பெயின்ட் டப்பா எந்தப் பெட்டியில் என்று
தேடப் போனேன்.