இயற்றியவர்: தெரியவில்லை

கட்டாக் வானொலியில் பத்தொன்பது வருடம்
தட்டச்சு செய்தேன்.
'வருந்துகிறோம்' என்ற சொல்லுக்கு
விரல்கள் தாமாகவே போகும்.
பைதர் சேத்திக்கு மட்டும்
நான்கு முறை போயிருக்கின்றன.

முதல் தடவை காக்கிச் சட்டையோடு வந்தான்.
கேந்திரபாடா தடத்தில் நடத்துநர்.
தோல்பையின் சில்லறை ஒலிப்பதிவில் விழுமென்று
என் மேசையில் வைக்கச் சொன்னார்கள்.
"எண்ணிக்கொள்ளுங்கள் அபா,
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்."
நான் எண்ணவில்லை.
ஆனால் பையைத் திறந்து பார்த்தேன்.
ஒரு பயணச்சீட்டுக் கட்டு,
ஒவ்வொரு தாளிலும் துளைகள்.
மேலே குத்தினால் மேல் சுரம்,
கீழே குத்தினால் கீழ்ச் சுரம்,
மூச்சு விடும் இடத்தில் ஓரம் கிழிந்திருக்கும்.
எழுதத் தெரியாதவன் இல்லை.
ஓடும் வண்டியில் பேனா நிற்காது, அவ்வளவுதான்.

என்ன ராகம் என்று கேட்டது குழு.
"ஜகத்பூர் லெவல் கிராசிங்" என்றான்,
"கேட் மூடியிருக்கும் நேரம்."
யாரிடம் கற்றாய்?
கொஞ்சம் யோசித்தான்.
"பழைய வண்டி, ஐயா. இரண்டாம் கியரில்
ஸா அசையாமல் நிற்கும்."
உள்ளே சிரிப்பு.
வெளியே நான்: வருந்துகிறோம்.

நொடித்துப்போன ஜாத்ரா கம்பெனி ஒன்றிடம்
ஆர்மோனியம் வாங்கினான், தவணையில்.
மத்யமம் மட்டும் ஊமை.
அதைத் தாண்டித் தாண்டியே
முப்பது நாற்பது மெட்டுகள் போட்டான்.
(பின்னாளில் ஒரு பேராசிரியர்
அந்த மௌனத்துக்கு
ஆயிரம் வருடத்துக் காரணம் எழுதினார்.)

அவற்றில் ஒன்று,
சாலிப்பூரில் இறங்கிய ஒருத்திக்குத்
தர மறந்த எட்டணாவைப் பற்றியது.
பேருந்தில் பாடினான். மீன்கூடைக்காரிகள் கேட்டார்கள்.
கூடையோடு பாட்டும் இறங்கிப்போனது.
நாற்று நட்டவர்கள் வாயில்
எட்டணா எட்டு வருடமானது,
பேருந்து படகானது,
நடத்துநர் கடலுக்குப் போய்த் திரும்பாத
யாரோ ஒருவன் ஆனான்.
பேராசிரியர் பாரதீப் பக்கம் ஒரு கிராமத்தில்
அதை நாடாவில் பிடித்து வந்தார்.

ஞாயிறு காலை ஒலிபரப்பு.
பெட்டிக்குச் சீட்டு நான்தான் அடித்தேன்:
பாரம்பரியப் பாடல்.
இயற்றியவர்: தெரியவில்லை.
முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது,
படி ஒன்று இல்லாத ஏணி மாதிரி
அந்த இடத்தில் குரல் தாவியது.
அதிகாரியிடம் சொன்னேன்.
"ஆதாரம்?"
துளை போட்ட சீட்டு என்று
எப்படிச் சொல்வது?
சொல்லவில்லை.
தெரிந்தே அடித்தேன், தெரியவில்லை என்று.

நான்காம் தேர்வில்
"சொந்த மெட்டு வேண்டாம்,
ஏதாவது பாரம்பரியம் பாடு" என்றார்கள்.
எட்டணாவைப் பாடினான்.
குறிப்பு வெளியே வந்தது, படியெடுக்க:
குரல் பரவாயில்லை. பாடத்தில் பிழை.
படகு என்பதைப் பேருந்து என்கிறார்.

அதன்பின் அவன் வரவில்லை.
ஜாத்ரா கம்பெனிகள் கூப்பிட்டன, பதினோரு கம்பெனி.
சுவரொட்டியின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே,
இசை: பைதர்.
ஒரு வருடம் 'பைரத்' என்று விழுந்தது,
அப்படியே ஒட்டினார்கள்.
பகலில் வண்டியை விடவில்லை.

ஒரு மழை நாளில் அதே பேருந்தில் ஏறினேன்.
அடையாளம் தெரிந்து சிரித்தான்.
என்ன பேசுவதென்று தெரியாமல்,
"அந்த ரீடை இன்னும் சரிசெய்யவில்லையா?" என்றேன்.
"இனிமேல் எப்படி, அபா?
சரிசெய்தால் பாரம்பரியம் கெட்டுப்போகாதா?"

ஒரு ரூபாய் கொடுத்தேன்.
மீதி எட்டணா இறங்கும்போது தருகிறேன் என்றான்.
சாலிப்பூரில் கூட்டம் என்னைத் தள்ளி இறக்கியது.
அவன் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டே போனான்.
நான் ஓடிப்போய் வாங்கியிருக்கலாம்.