பத்தும்

படகு வர இன்னும் நாற்பது நிமிடம்.
குறிப்பேட்டில் வயதை மட்டும் எழுதச் சொன்னது பல்கலைக்கழகம்.
ஓரத்தில் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்,
அழிக்கத் தோதாகப் பென்சிலால்.

பிப்ரவரியில் முதன்முறை இந்த ஹீயுமா தீவுக்கு வந்தேன்.
பள்ளியில் எனக்குக் கிடைத்தது கோட்டு மாட்டும் அறை.
சூடேற்றியின் மேல் வரிசையாய் ஈரக் கையுறைகள்,
ஆட்டு மந்தை ஒன்று மழையில் நனைந்து உள்ளே வந்ததுபோல் வாடை.

உக்கு, ஐந்து வயது.
பத்துப் படம் காட்டி மூடிவிடுவேன்,
எத்தனை ஞாபகம் இருக்கும் உனக்கு?
'பத்தும்' என்றான்.
இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகம்.
மூடினேன்.
முயல் என்றான். வாளி என்றான்.
நாய் என்றான்.
நாய் என் படங்களில் இல்லை.
கூரையைப் பார்த்தான், என் காதணியைப் பார்த்தான்,
அவ்வளவுதான்.
சரி, இன்னொரு தடவை ஆடுவோம். இப்போது எத்தனை?
'பத்தும்.'

லீலோவுக்கு ஏழு.
படத்தைப் பார்க்கப் பார்க்க உதடு முணுமுணுத்தது
ஏணி ஏணி ஏணி சீப்பு ஏணி சீப்பு.
ஆறு சொன்னாள்.
எப்படி ஞாபகம் வைத்தாய் என்றால்
'நான் ஒன்றுமே செய்யலையே, அதுவா வந்துச்சு.'

ஒன்பது வயது ஹில்யா கேட்காமலே அட்டைகளைக் கலைத்தாள்.
சமையலறைச் சாமான் ஒரு பக்கம், உயிருள்ளவை ஒரு பக்கம்.
நாளைக்குப் பனிச்சறுக்குக் காலணி கொண்டுபோக வேண்டும்,
என்ன செய்வாய்?
'நான் மறந்துடுவேன்னு எனக்குத் தெரியும்.
அதனால என் பூட்ஸுக்குள்ள ஒரு ஆரஞ்சு வைப்பேன்.
காலையில கால் நுழையாது.
ஏன் நுழையலைன்னு யோசிப்பேன் இல்லையா?'
பூட்ஸை விட்டுவிட்டு
அந்த ஆரஞ்சை நான் வெகுநேரம் யோசித்தேன்.

அப்புறம் வாசிப்பு.
நானே எழுதிய அரைப்பக்கம், நடுவில் ஒரு பொறி:
கலங்கரை விளக்கத்தில் பதினோரு வருடமாய் யாரும் இல்லை,
ஆறு வரி தள்ளி
தினமும் மாலையில் காவலாளி படியேறி விளக்கேற்றுகிறார்.
எட்டு வயது ஓட் கடகடவென்று படித்துமுடித்தான்.
புரிந்ததா?
'ஒரு வார்த்தைகூடத் தடுக்கலை' என்றான்.
போன வருடம்வரை எழுத்துக்கூட்டியவன்.
வாய் தடுக்காவிட்டால் புரிந்ததாக அர்த்தம்.

கெர்ட்டு, பன்னிரண்டு.
பாதியில் நின்றாள். விரல் மேலே போனது,
கீழே வந்தது, மறுபடி மேலே.
காது மடல் சிவந்தது.
நாலாவது முறை படித்துவிட்டு,
'மன்னிக்கணும், நான் சரியாப் படிக்கலைபோல' என்றாள்.

தப்பு உன்னிடம் இல்லை, தாளில் இருக்கிறது,
அதை வைத்தவளே நான்தான் என்று சொல்லக் கூடாது.
விதி.
கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தக் கட்டத்தில் அவளுக்கு முழு மதிப்பெண்.

இன்று மே பதினேழு. இரண்டாம் சுற்று.
உக்கு ஆறு வயதாகி, முன்பல் விழுந்து வந்தான்.
அதே பத்து. எத்தனை ஞாபகம் இருக்கும்?
உடனே பதில் வரவில்லை.
அட்டைக் கட்டைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான்.
'நாலு' என்றான். 'அஞ்சு... இல்லை, நாலு.'
நாலுதான் சொன்னான்.
துல்லியமான கணிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
என் ஆய்வுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.
பேனாவை மூடப் போனேன்,
மூடி கைக்கு அகப்படவில்லை.

கதவுவரை போனவன் திரும்பினான்.
'அந்த நாய்ப் படத்தை மட்டும் ஏன் எடுத்துட்டீங்க?'

எந்த நாய்?

'போன தடவை இருந்ததே.
ஒரு காது மடங்கி, பழுப்பா.'
சந்தேகமே இல்லாத குரல்.

படகின் விளக்கு தெரிகிறது.
இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில், அவன் பெயருக்குப் பக்கத்தில்,
பென்சிலால் போட்டிருக்கிறேன்
மடங்கிய காது.