அரை இன்ச்

காற்று முற்றிய நாட்களில் புந்தா அரேனாஸில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
ஹேங்கருக்குள் கயிறு இல்லை. பலகை உண்டு.
மஞ்சள் பலகை. அதில் சிவப்பில் நிழல்கள்,
இருநூற்றுப் பதினாலு.
ஒவ்வொரு நிழல் மேலும் அதற்குரிய இரும்பு.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.
பித்தளை வில்லை தந்தால் கருவி தருவேன்,
கருவி தந்தால் வில்லை தருவேன்.
யாஸ்னா குசானோவிச், இரவுப் பணி.
சிரிப்பதற்குச் சம்பளமில்லை.

"அந்தச் சாவி" என்பார்கள் புதிதாய் வருகிறவர்கள்.
எங்கள் பேச்சில் கதவைத் திறப்பதும் சாவி,
நட்டைக் கழற்றுவதும் சாவி.
எந்தச் சாவி? வாய் பிளந்ததா, வளையமா,
ஒரு முனை வாயும் மறு முனை வளையமுமாய்
இரண்டு வீட்டுக்கும் உறவானதா?
திருகத் திருகத் தாடை அகல்கிறதே,
அவளுக்கு இங்கே பிரெஞ்சுக்காரி என்று பெயர்.
கடல் தாண்டி ஸ்பெயினில் அவளே இங்கிலீஷ்காரி.
எதிலும் முழுசாய்ப் பொருந்தாதவளுக்கு
ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரின் பெயரை வைக்கிறது.
எல்லா நட்டுக்கும் சரி என்பாள்,
ஒன்றையும் இறுகப் பிடிக்கமாட்டாள்.
விமானத்தின் பக்கம் நான் அவளை விடுவதில்லை.

பைப் ரெஞ்ச் இழுக்க இழுக்கக் கவ்வும்.
திருப்பிப் போட்டால் வழுக்கி விரலைக் கேட்கும்.
கிளிமூக்குக் குறடு எதையும் கொத்தும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேற்றுமை.

அன்று அதிகாலை நான்கரை.
சறுக்குக்கட்டை மாட்டி, எரிபொருள் நிரம்பி,
பனிக்கண்டத்துக்குப் போகும் சின்ன விமானம் நின்றது.
தெற்கே வானம் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும்.
நிபால்தோ பாரியா கடைசி வில்லையை வாங்கிக்கொண்டு
ஜாக்கெட் ஜிப்பை மோவாய் வரை இழுத்தான்.
எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு. ஒன்றும் குறையவில்லை.
பேனாவைத் திறந்தேன்.

எந்தக் கருவிக்கும் அதன் நிழல் ஒரு மயிரிழை பெரிது,
விளிம்பில் சிவப்பு தெரியும்.
மூன்றாம் வரிசை, அரை இன்ச் வளையத்தில்
ஒரு பக்கம் சிவப்பு இல்லை.

எடுத்தேன். எண் பொறித்த முகம் சுவரைப் பார்த்திருந்தது.
என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க
அரை இன்ச் போல்ட் ஒன்று கிடக்கும்.
அதன் தலையில் மாட்டிப் பார்த்தேன்.
உட்கார்ந்தது.
ஆனால் ஆடியது, விழாத பல் ஆடுவதுபோல.
பதிமூன்று மில்லிமீட்டர்.
ஒரு மில்லிமீட்டரை மூன்றாய்க் கிழித்தால் ஒரு கிழிசல்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
கார் கிரீஸ் வாசனை வேறு.

"நிபால்தோ, இது எந்த வண்டியுடையது?"
தன் பூட்ஸைப் பார்த்தான்.
"ரெண்டு மணி நேரம் தேடினேன், யாஸ்னா" என்றான்.
"ரெண்டு மணி நேரம்."
நான் பேனாவை மூடினேன்.

தரைத்தகடுகளைக் கழற்றினார்கள், அறுபத்திரண்டு திருகுகள்.
அவனும் கழற்றினான், எல்லோரையும்விட வேகமாய்.
இருக்கைக்குக் கீழே, வால் சிறகை இழுக்கும் கம்பி ஓடும் இடத்தில்
கப்பிக்கு ஒரு விரல் தள்ளி
மல்லாந்து கிடந்தது அரை இன்ச்.

அதற்குள் வானம் மூடிவிட்டது.
ஆறு விஞ்ஞானிகள் என் ஜன்னலோரம் காப்பி குடித்தபடி
கிடங்குக்காரியின் பிடிவாதத்தைத் திட்டினார்கள்.
கோப்பைகளைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

அறிக்கையில் எழுத வேண்டியதை எழுதினேன்.
மூன்று வாரம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான்.
வில்லையை நீட்டும்போது இப்போது
முழுப் பெயரையும் உரக்கச் சொல்கிறான்:
"வளையம். அரை இன்ச். இன்ச்."

பதிமூன்று என் டிராயரில் கிடக்கிறது.
இந்தப் பலகையில் அதற்கு நிழல் இல்லை,
அதை வாங்க வில்லையும் வேண்டாம்.
அவன் இன்னும் கேட்கவில்லை.
வெளியே அவன் காரில் ஏதோ ஒரு நட்டு
குறட்டுப் பிடியில் மூலை மழுங்கிக்கொண்டிருக்கும்.