விழுந்த திசை

நீர்வேலியில் வாழை விழுந்து மூன்றாம் நாள்
திசைகாட்டியோடு போனேன்.
செம்பாட்டு மண் சப்பாத்தைப் பிடித்து இழுத்தது.
டிலக்சன் அடியில் நின்று நுனியைப் பார்த்துச் சொல்ல
நான் எழுதினேன்:
கதலி, நூற்றுப் பத்துப் பாகை.
கதலி, நூற்றுப் பதினாறு.
இதரை, குலையோடு, நூற்று முப்பது.
கப்பல், பாதியில் முறிந்தது, திசை தெளிவில்லை.
கிணற்றுக்கு மேற்கே போனதும்
எல்லாம் இருநூற்று எழுபதை ஒட்டி.

"சுழண்டது, பிள்ளை" என்றார் குலவீரசிங்கம்.
"என்ரை ரெண்டு கண்ணாலை கண்டனான்.
தகரம் மேலை எழும்பிச் சுத்திச் சுத்தி
அங்காலை ராசவீதிப் பக்கம் போய் விழுந்தது."

நான் இல்லையென்று சொல்லவில்லை.
தகரம் எந்தக் காற்றிலும் சுழலும்.
வாழை சுழலாது.
தள்ளியது எந்தப் பக்கம் நின்றதென்று
விழும்போது ஒரேயொரு தரம் சொல்லும்.

சுழல் நடந்த தோட்டத்தில்
மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடக்கும்.
இங்கே முன்னூற்றுப் பன்னிரண்டும்
கிணற்றடியை விட்டு
வெளியே ஓடப் பார்த்தபடி கிடந்தன.
முகில் ஒன்று உள்ளே குளிர்ந்து, பாரம் தாங்காமல்
தன் காற்றை மொத்தமாய் அந்த இடத்தில் போட்டிருக்கிறது.
ஐந்து நிமிடம். கூடினால் ஏழு.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான்:
எங்களிடம் பெயரோடு உள்ளதெல்லாம்
பக்கத்தால் வருகிறவை,
கடலையோ வெளியையோ கடந்து
தாங்கள் வரும் சேதியை முன்னால் அனுப்புகிறவை.
மேலிருந்து விழுகிறது
பெயர் வைக்கும் நேரத்துக்கு
ஒருநாளும் நின்றதில்லை.

அன்று காலை அறிக்கை நான் எழுதியதுதான்.
"பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்
சில இடங்களில் இடியுடன் கூடிய மழை.
தற்காலிகமாகப் பலத்த காற்று."
அதில் ஒரு பிழையும் இல்லை.
ஐப்பசி முழுக்க அதே வசனம்,
திகதியை மட்டும் மாற்றுவோம்.
"சில இடங்களில்" என்பது
இவருடைய எட்டுப் பரப்புக் காணி.

விதானையார் கொண்டுவந்த நட்டஈட்டுப் படிவத்தில்
வெள்ளத்துக்கு ஒரு பெட்டி, சூறாவளிக்கு ஒரு பெட்டி.
மற்றவை என்று கீழே இன்னொன்று,
அதற்குக் காசு இல்லை.
"கம்பஸ் ஆக்கள் ஒரு வரி எழுதித் தந்தால் காணும்"
என்று பேனையை நீட்டினார்.
குலவீரசிங்கம் என்னைப் பார்க்கவில்லை.
வெட்டிப் போட்ட குலையொன்றில்
முற்றாத காயை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

எழுதினேன்.

மாவட்டப் புள்ளிவிபரத்தில் இந்த வருடம்
ஒரு சூறாவளி கூடும்.
என் ஆய்வில் அதைத் தேடிப் பிடித்துக்
கழிக்க வேண்டியவளும் நான்தான்.
அடிக்குறிப்பில் என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

இன்று மூன்று நாற்பது.
திருநெல்வேலியில் மொட்டைமாடிக்கு ஏறினேன்.
வல்லை வெளிப் பக்கம் ஒரு முகில்
பால் பொங்குமாப்போல எழும்பி
உச்சி தட்டையாகிவிட்டது.
ராடர் கடலுக்கு அந்தப் பக்கம், காரைக்காலில்.
அதன் படம் என் கைபேசிக்கு வரும்போது
இருபது நிமிடம் பழையது.
பழைய படத்தில் வானம் சுத்தம்.

குலவீரசிங்கத்துக்கு எடுத்தேன்.
"ஐயா, அரை மணித்தியாலம் இருக்கு.
வரலாம். வராமலும் விடலாம்."

"மிஞ்சின நாப்பதுக்கும் முட்டுக் குடுக்கலாம்.
எந்தப் பக்கத்தாலை வருது?"

"மேலாலை."

மண்வெட்டியை எதிலோ சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேலாலை வாறதுக்கு
எந்தப் பக்கம் முட்டுக் குடுக்கிறது, பிள்ளை?"

மின்னியது.
இருவரும் வைக்கவில்லை.
போனுக்குள் இடி முதலில் கேட்டது.
பதினொன்று எண்ணியபின்
என் மாடியில்.